மெர்பேங்க் உப்புக்காற்றில் ஒரு .22 ரைபிள் வைத்திருப்பது எப்படி

துப்பாக்கி என்று வாயைத் திறந்தாலே தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் பேச்சு நேராகக் கொள்ளைக்காரனிடம் போய் நிற்கும். ராத்திரி எவனாவது சுவர் ஏறிக் குதித்தால் என்ன செய்வது, ரோபோட்டில் (இங்கே டிராஃபிக் விளக்குக்கு அதுதான் பெயர்) சிவப்பு விழுந்து கார் நிற்கும்போது மறித்தால் என்ன செய்வது என்று. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு என்னிடம் யோசனை கேட்டு வந்தவர்களில் நிறையப் பேர் அந்தப் பயத்தோடுதான் வந்தார்கள். தப்பு என்று சொல்ல நான் யார்? ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை. சனிக்கிழமை காலையில் ஒரு அட்டையின் நடுவில் ஐந்து ஓட்டைகளை ஒரே ஓட்டையாக்கப் பார்க்கும் சந்தோஷத்துக்காக. அப்புறம், அந்தத் துப்பாக்கியைக் கடற்காற்று தின்றுவிடாமல் காப்பதற்காக. நான் கடலோரம் இருக்கும் மெர்பேங்க்காரன், அதே தென் டர்பனில் எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். துருவோடுதான் என் பிழைப்பு முழுக்கச் சண்டை. ஆகவே பராமரிப்புப் பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, எதையும் வாங்காமல் இருப்பது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால், அவர் துப்பாக்கியை இன்னொருவர் சுடலாம். தெரிந்த அண்ணன், மாமா யாராவது ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு) போகிறவராக இருந்தால் கூடவே போய் ஒரு பெட்டி தோட்டா சுட்டுப் பாருங்கள். தோட்டாச் செலவை நீங்கள் கொடுத்துவிடுங்கள், அது மரியாதை. மல்லாந்து படுத்தால் முதுகு வலிக்கிற வயதிலும் குப்புறப் படுத்துச் சுடுவது சுகமாக இருக்கிறதா, அல்லது சத்தமே பிடிக்கவில்லையா என்று ஒரே காலையில் தெரிந்துவிடும்.

பிடித்திருந்தால் அடுத்தது காகித வேலை. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரிடம் சட்டத்துக்கு ஒரு தேர்வு, கையாளுவதற்கு ஒரு தேர்வு. அதை வைத்துக்கொண்டு உங்கள் பகுதிப் போலீஸ் நிலையத்தில் துப்பாக்கிக்கென்றே இருக்கும் அதிகாரியிடம் தகுதிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. சான்றிதழ் நீங்கள் ஆள் சரியானவர் என்பதற்கு. லைசென்ஸ் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி. பொழுதுபோக்காகச் சுடுகிறவர் கேட்க வேண்டியது 15ஆம் பிரிவு. அது பத்து வருடம் செல்லும். தற்காப்புக்கான 13ஆம் பிரிவு ஐந்து வருடம்தான். காலாவதி ஆவதற்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்க எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் மட்டும் குறிக்காதீர்கள், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் சேஃப் கதவின் உள்பக்கமும் ஒட்டி வையுங்கள். காத்திருப்பு மாதக்கணக்கில் ஆகும். கவுண்டரில் சத்தம் போட்டு ஒரு பலனும் இல்லை. கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகலும், வாங்கிக்கொண்டதற்கு ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் சும்மா இருக்க வேண்டாம். 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளுக்கு இங்கே லைசென்ஸ் தேவையில்லை, குழல் அளவு 5.6 மில்லிமீட்டருக்குக் கீழே என்பதால். ஒலிம்பிக்கில் பத்து மீட்டரில் சுடுவதும் அதே 4.5 குண்டைத்தான், அந்த அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. மூச்சு, விரல், கண் மூன்றையும் பழக்க இதைவிட மலிவான வாத்தியார் கிடையாது. ஆனால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். அஜாக்கிரதையாக ஆளுக்குக் காயம் வைத்தாலோ, குடித்துவிட்டுக் கையில் எடுத்தாலோ அதே சட்டத்தின் 120ஆம் பிரிவு ஏர் ரைபிளுக்கும் பொருந்தும். வீட்டுக் கொல்லையில் சுட மாநகராட்சி விடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, என்ன வாங்குவது? .22 போல்ட் ரைபிள் ஒன்று, அவ்வளவுதான். .22 என்பது குழல் அளவு, அங்குலத்தில். போல்ட் என்பது ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் பின்பக்க இரும்புத் தண்டு. தோட்டா மலிவு, தோளில் உதை இல்லை, 50 மீட்டரில் உங்கள் தப்பையெல்லாம் ஒளிக்காமல் காட்டும். இந்த நாட்டில் பழைய செக் தயாரிப்பான பிர்னோ மாடல் 2 நிறையக் கைமாறுகிறது. விவசாயிகள் வீட்டில் இரண்டு தலைமுறை உழைத்தவை. மரக்கட்டையில் கீறல் இருந்தால் கவலைப்படாதீர்கள். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலின் வாயை உற்றுப் பாருங்கள்: அந்த விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலும் குண்டு வெளியே வரும்போது ஒரு பக்கம் தள்ளிவிடும். அப்புறம் பின்பக்கம், தோட்டா உட்காரும் அறையின் விளிம்பு. நகத்தால் தடவினால் ஒரே இடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டால், யாரோ தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிகரை அமுக்கி அமுக்கி விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். .22 தோட்டாவின் பற்றவைக்கும் மருந்து விளிம்பில் இருப்பதால் அடிக்கும் ஊசியும் விளிம்பில்தான் விழும்; தோட்டா இல்லாவிட்டால் அது அறையின் இரும்பையே கொத்தும். பள்ளம் ஆழமாக இருந்தால் சுட்ட தோட்டாக்கூடு மாட்டிக்கொண்டு வராது. விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நீங்கள் வீட்டில் வெறும் ட்ரிகர் பழகும்போது பிளாஸ்டிக் போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள்.

ரேஞ்சில் நடந்துகொள்வது எப்படி என்று எல்லா இடத்திலும் பலகை மாட்டியிருப்பார்கள். அதைப் படிக்காமல் போகிறவர்தான் அதிகம். நான் என்னுடன் வரும் பிள்ளைகளிடம் சொல்வது இவ்வளவு: எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியது என்று வைத்துக்கொள். குழல் வாய் இலக்குக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. சுடப்போகும் நொடி வரைக்கும் விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. .22 தானே என்று அலட்சியம் வேண்டாம். அந்த 2.6 கிராம் ஈயம் ஒன்றரை கிலோமீட்டர் போயும் ஆபத்துதான். கரும்புக்காட்டுக்கு நடுவே இருக்கும் ரேஞ்சில் மேட்டுக்கு அப்பால் வெட்டு நடந்துகொண்டிருக்கலாம். யாராவது அட்டை மாற்ற முன்னால் போகும்போது போல்ட் திறந்து, மேகசின் (தோட்டா அடுக்கும் செருகுபெட்டி) வெளியே, கை துப்பாக்கி மேலேயே படக்கூடாது. துப்பாக்கி மேல் இருக்கும் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வழியே எட்டிப் பார்ப்பதும் கூடாது.

தோட்டா வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். முன்பக்கமே நீட்டி வைத்து அரை நிமிடம் பொறுங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. அதைவிட மோசமானது 'புஸ்' என்று பலவீனமான சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கிவிடும். நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்தில் குழலைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி.

காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. .22 சத்தம் சின்னதாகத் தோன்றும், ஆனால் அதுவும் வருடக்கணக்கில் காதைக் கெடுக்கும். ஆலையில் கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற என் வயசுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். கையில் ஈயத்தூள் ஒட்டும். குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவாமல் பன்னி சோவை (குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றியது) தொடாதீர்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது பீன்ஸ் பன்னியாகிவிடும். கை கழுவும் விதி அப்போதும் மாறாது.

சுடுவதற்கு வருகிறேன். படுத்துச் சுடும் நிலையில் ஆரம்பியுங்கள். உடம்பு துப்பாக்கிக்கு நேர்க்கோட்டில் இல்லாமல் கொஞ்சம் சாய்வாக, இடது முழங்கை துப்பாக்கிக்குக் கிட்டத்தட்ட அடியில். தோல்வார் இருந்தால் மேல்கையில் இறுக்கிவிடுங்கள்; பாரத்தை எலும்பும் வாரும் தாங்க வேண்டும், சதை தாங்கக் கூடாது. இப்போது முக்கியமான சோதனை: குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்திக் கண்ணைத் திறங்கள். குறி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். இடுப்பையும் காலையும் நகர்த்தி உடம்பையே திருப்புங்கள். கையால் இழுத்த குறி, சுடும் நொடியில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒன்றைப் புரியவைத்தாலே அட்டையில் ஓட்டைகள் பாதி நெருங்கிவிடும்.

மூச்சை முழுக்க இழுத்து அடக்க வேண்டாம். சாதாரணமாக விட்டு, அடுத்த மூச்சுக்கு முன்னால் தானாக வரும் அந்த இடைவெளியில் சுடுங்கள். ஏழெட்டு நொடிக்குள் முடியவில்லையா, விட்டுவிட்டு மறுபடி மூச்செடுங்கள். ட்ரிகரை விரல் நுனிச் சதையால் நேர் பின்னோக்கி அமுக்கிக்கொண்டே போக வேண்டும். எப்போது வெடிக்கும் என்று காத்திருந்து தட்டினால் குண்டு கீழே போகும். வெடித்த பிறகும் ஒரு நொடி அப்படியே இருங்கள். குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே தலையைத் தூக்கி ஓட்டையைத் தேடுகிறவர்கள் உண்டு.

ஸ்கோப் சரிசெய்வதற்குக் கணக்குத் தெரிந்தால் தோட்டா வீணாகாது. பெரும்பாலான ஸ்கோப்பில் திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒரு கிளிக் என்பது கால் நிமிடக் கோணம்; ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு நிமிடம். 100 மீட்டரில் அது 7.3 மில்லிமீட்டர், 50 மீட்டரில் அதில் பாதி, ஏறத்தாழ 3.6. ஐந்து குண்டு சுடுங்கள், நடுவே எதையும் திருகாதீர்கள். அந்த ஐந்தின் நடுவிடம் 36 மில்லிமீட்டர் இடப்பக்கமும் 18 கீழேயும் இருந்தால், வலப்பக்கம் பத்துக் கிளிக், மேலே ஐந்து. மறுபடி ஐந்து குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் திருகுகிறவர் சாயங்காலம் வரைக்கும் திருகிக்கொண்டேதான் இருப்பார். 50 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி வளையம் 10.4 மில்லிமீட்டர். அதைத் தொட ஆசைப்படுங்கள், ஆனால் முதலில் ஓட்டைகள் ஒன்றுகூடட்டும். எங்கே கூடினாலும் பரவாயில்லை, கிளிக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

காற்றைப் பற்றி டர்பன்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் அமைதி, பத்து மணிக்கு மேல் வடகிழக்கு எழும்பும், சில நாள் திடீரென்று தென்மேற்கு அடித்துக் குடையை முறிக்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 50 மீட்டரில் .22 குண்டைச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிவிடும். ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி நடுவழியில் நட்டு வையுங்கள். ரிப்பன் ஒரே மாதிரி நிற்கும்போது மட்டும் சுடுங்கள். தோட்டாவில் ஒலியைவிட மெதுவாகப் போகும் ரகமே நல்லது, நொடிக்கு 320 மீட்டர் வாக்கில். ஒலி வேகத்தைத் தாண்டிப் போய்த் திரும்பக் கீழே இறங்கும் குண்டு அந்த இடத்தில் தடுமாறும். எந்தக் கம்பெனி என்பதை உங்கள் குழல்தான் சொல்லும். நாலு ரகம் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். விலை கூடியதுதான் ஜெயிக்கும் என்று இல்லை. பிடித்த ரகம் கிடைத்தால் அதே தொகுதி எண் உள்ள பெட்டிகளாக வாங்குங்கள். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வீட்டில் இருக்கக் கூடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இனி துருவும் துடைப்பும். .22 குழலை அளவுக்கு மீறித் தேய்த்துக் கெடுத்தவர்கள், சுட்டுக் கெடுத்தவர்களைவிட அதிகம். .22 ஈயக்குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். அந்த மெழுகு குழலுக்குள் மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் குண்டுகள் ஒன்றுகூடும். நன்றாகச் சுத்தம் செய்த குழலில் முதல் பத்துப் பதினைந்து குண்டு கண்டபடி போவதும் இதனால்தான். ஆகவே உள்ளே அளவாக, வெளியே தாராளமாக. இதுதான் என் வழக்கம்.

போல்ட்டைத் திறந்து, மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதிசெய்யுங்கள். நீங்கள் உட்கார்ந்து துடைக்கும் வீட்டு அறையிலேயே தோட்டாப் பெட்டி இருக்கக் கூடாது. பிர்னோவில் ட்ரிகரைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டால் போல்ட் பின்பக்கம் முழுக்க வெளியே வந்துவிடும். துப்பாக்கியை வாய் கொஞ்சம் தாழ வையுங்கள். இல்லாவிட்டால் கரைப்பான் பின்னால் வழிந்து ட்ரிகருக்குள் போய்ப் பிசுபிசுக்கும், மரத்தையும் ஊறவைக்கும். துணியைக் குழலுக்குள் தள்ளும் தடி ஒரே துண்டாக, பிளாஸ்டிக் பூச்சோடு இருக்கட்டும். திருகி இணைக்கும் மூன்று துண்டு அலுமினியத் தடியின் மூட்டுகளில் மண் ஒட்டிக்கொண்டு குழலை அறுக்கும். எப்போதும் பின்பக்கமிருந்தே நுழையுங்கள். வாய்ப்பக்கமிருந்து குத்தினால் அந்த விளிம்புதான் முதலில் தேயும்.

கரைப்பான் தொட்ட துணித்துண்டு ஒன்று, பத்து நிமிடம் பொறுத்து உலர்ந்த துண்டுகள் இரண்டு மூன்று. துணி கறுப்பாக வந்தாலும் பரவாயில்லை, சாம்பல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். வெண்கல பிரஷ் எனக்கு வேண்டியது ஒரே இடத்தில்: அறைக்குச் சற்று முன்னால் கரி வளையமாக இறுகியிருக்கும். தோட்டாவைப் போடும்போது கடைசி ஒரு மில்லிமீட்டர் முரண்டு பிடித்தால் அங்கே கரி ஏறிவிட்டது என்று அர்த்தம். அங்கே மட்டும் பிரஷை மெதுவாகச் சுழற்றுங்கள். கடைசியில் எண்ணெய் தொட்ட ஒரு துண்டு. அடுத்த தடவை சுடுவதற்கு முன் மறக்காமல் ஒரு உலர்ந்த துண்டு விட்டு அந்த எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

போல்ட் முகத்தைப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். கூட்டை இழுக்கும் கொக்கியின் அடியில் மெழுகும் கரியும் சேர்ந்து களிமண் மாதிரி கிடக்கும், அதை மரக்குச்சியால் நோண்டுங்கள், இரும்பால் வேண்டாம். போல்ட் உரசும் சரிவில் ஒரு சொட்டு எண்ணெய் போதும். மேகசினுக்கு எண்ணெயே வேண்டாம், துடைத்தால் சரி. ட்ரிகர் அமைப்பை உருவிப் பார்க்கும் ஆசை வந்தால் கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நானே அதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் கொடுக்கிறேன்.

வெளிப்புறம்தான் மெர்பேங்கின் போர்க்களம். குழலின் கருநீலப் பூச்சு பெயிண்ட் இல்லை, அதுவே ஒரு வகை இரும்பு ஆக்சைடு. தனியாக அது துருவைத் தடுக்காது; எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எண்ணெய் போனால் பாதுகாப்பும் போனது. விரல் பட்ட இடமெல்லாம் வியர்வை உப்பு. ஜனவரி பிப்ரவரியில் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன ரைபிளை அப்படியே வைத்தால், சில நாளில் அவர் கைரேகை செம்பழுப்பில் எழும்பி நிற்கும். அதனால் கடைசி வேலை எப்போதும் எண்ணெய்த் துணி: வாயிலிருந்து பின்புறம் வரை ஒரே இழுப்பு, பிறகு ஸ்கோப் பிடிகளுக்கு அடியில், கடைசியாக மரமும் இரும்பும் சேரும் கோடு. அந்தக் கோட்டில்தான் ஈரம் ஒளிந்துகொள்ளும். பாலிஸ்டால் மாதிரி துப்பாக்கிக்கென்று இருப்பது எதுவும் சரி. டபிள்யூடி-40 தண்ணீரை விரட்ட நல்லது, ஆனால் மாதக்கணக்கில் காவலுக்கு நிற்காது. அதைத் துடைத்துவிட்டு நல்ல எண்ணெய் போடுங்கள். லேசாகத் துரு பிடித்துவிட்டால் எண்ணெய் ஊற்றி, மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் பூப்போலத் தேயுங்கள். உப்புத்தாள் எடுத்தால் பூச்சும் போய்விடும்.

உறைக்குள் போட்டு சேஃபில் வைக்காதீர்கள். பஞ்சு உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டு குழலோடு ஒட்டிக்கிடக்கும். சேஃப் தென்னாப்பிரிக்கத் தர நிறுவனத்தின் எஸ்ஏபிஎஸ் 953 தரத்தில் இருக்க வேண்டும், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார். கடல் பக்கத்து வெளிச்சுவர் மழைக்காலத்தில் வேர்க்கும், ஆகவே உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரமானியும் சிலிக்கா ஜெல் டப்பாவும். எங்கள் கோடையில் வெளியே 80 சதவீதம் சர்வசாதாரணம். உள்ளே 50 பக்கம் நின்றால் நிம்மதி. ஜெல்லின் நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உயிர் வரும். சமையல் முடிந்த பிறகு வையுங்கள், வீட்டுக்காரியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

புளூம்ஃபொன்டெய்னில் ஜெனரல் டி வெட் ரேஞ்சில் பெரிய ரைபிள் போட்டிகளைப் பார்க்கவோ சுடவோ போகிறவர்கள் திரும்பும்போது கவனம். மேட்டு நிலத்தில் குளிரும் வறட்சியும். வான் ரீனன் கணவாய் இறங்கி ஏசி காரில் வீடு வந்து, சில்லென்ற ரைபிளை உடனே வெளியே எடுத்தால் அதன் மேல் பனித்துளி பூக்கும், குழலுக்குள்ளும்தான். பெட்டியை மூடியபடியே அறைச்சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு திறந்து துடையுங்கள்.

பழைய .303 ராணுவ ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ராணுவத் தோட்டா சிலவற்றின் பற்றவைக்கும் மருந்து, சுட்ட பிறகு குழலில் உப்பை விட்டுப் போகும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அன்றைக்கே கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, உலர்த்தி, பிறகு எண்ணெய்.

ஆயுத பூசைக்கு ரைபிளுக்குப் பொட்டு வைக்கலாமா என்று என் மருமகன் கேட்டான். குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கிறது, தூள் போல்ட்டுக்குள் போகும், ஈரத்தையும் இழுக்கும். எங்கள் வீட்டில் சேஃப் கதவுக்குத்தான் சந்தனம், குங்குமம், பூ எல்லாம்.

இன்னொன்று, இது பலர் வீட்டில் இருக்கும் விஷயம். அப்பாவோ தாத்தாவோ இறந்துவிட்டால் அவருடைய லைசென்ஸ் பிள்ளைக்குத் தானாக வராது. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அலமாரியில் துணி சுற்றி வைத்திருப்பது குற்றம்தான், பாசம் ஒரு சாக்காகாது. சொத்துக்குப் பொறுப்பானவர் போலீஸ் நிலையத்தில் தெரிவித்து, உரிமம் பெற்ற டீலரிடம் ஒப்படைத்து வைக்கட்டும். உங்களுக்கு வேண்டுமானால் உங்கள் பெயரில் தகுதிச் சான்றிதழும் லைசென்ஸும் வாங்கிக்கொண்டு பிறகு எடுத்து வரலாம். டீலர் கொடுக்கும் ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாக இருக்கிறதா என்று, கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.